இரும்பால் எழுந்த எட்ருஸ்கர்கள்

நெப்போலியன் 1814-இல் நாடுகடத்தப்பட்ட தீவு என்றே எல்பாவை நாம் அறிவோம். அதற்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அத்தீவின் இரும்புத் தாதுதான் எட்ருஸ்கர்களைச் செல்வர்களாக்கியது. இத்தாலியில் ஆர்னோ, டைபர் ஆறுகளுக்கு இடையே, இன்றைய டஸ்கனியை மையமாகக் கொண்டு வாழ்ந்தவர்கள் இவர்கள்.

எல்பாவில் வெட்டிய தாது படகேறி, எதிர்க்கரையில் இருந்த பொப்புலோனியாவுக்கு வந்தது. அங்கே உலைகள் கக்கிய இரும்புக் கசடு கடலோரத்தில் குவிந்துகொண்டே போய், ஊரின் பழைய கல்லறைகளையும் மூடிவிட்டது. மிச்ச இரும்புக்காக 20-ஆம் நூற்றாண்டில் அந்தக் கசட்டை அள்ளியபோதுதான் பல கல்லறைகள் வெளிப்பட்டன. இரும்பையும் செம்பையும் தேடி கிரேக்க, பினீசிய வணிகர்கள் வந்தார்கள். கிரேக்கர்கள் கொண்டுவந்த எழுத்தை எட்ருஸ்கர்கள் தங்கள் மொழிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள்.

கி.மு. 6-ஆம் நூற்றாண்டு அவர்களின் பொற்காலம். அவர்களின் தார்க்வினியா நகரக் கல்லறைச் சுவர்களில் விருந்தும் ஆட்டமும் குழலிசையுமாக ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. விருந்தில் கணவனுக்குப் பக்கத்தில் மனைவியும் சாய்ந்து அமர்ந்திருக்கிறாள். கிரேக்க எழுத்தாளர்கள் இதைக் கண்டு முகம் சுளித்தார்கள். அந்த ஓவியங்களின் பெரும் அழகே இந்தச் சமநிலைதான் என்பேன். ரோமும் இவர்களிடம் நிறையக் கற்றது. ஆட்டின் ஈரலைப் பார்த்துக் குறி சொல்லும் எட்ருஸ்கப் பூசாரிகளை ரோமானியர் பல நூற்றாண்டுகள் நாடினர்.

இவர்களிடம் பேரரசு இல்லை. ஒவ்வொரு நகரமும் தனி அரசு. பன்னிரண்டு நகரங்களின் கூட்டமைப்பு வழிபாட்டுக்குக் கூடியதே தவிர, போருக்கு ஒன்றுசேரவில்லை. கி.மு. 474-இல் கூமே அருகே கிரேக்க நகரமான சிரக்கூஸின் படையிடம் தோற்றதும் தென்கடல் வணிகம் கைநழுவியது. ரோமுக்கு மிக அருகில் இருந்த வெய் நகரம் முற்றுகையில் தவித்தபோது மற்ற நகரங்கள் உதவ மறுத்தன என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் லிவி. கி.மு. 396-இல் வெய் வீழ்ந்தது. பிறகு மற்ற நகரங்களும் ஒவ்வொன்றாகப் பணிந்தன, கி.மு. 264-இல் வோல்சினியும் போனது. கி.மு. 90-ஐ ஒட்டி எட்ருஸ்கர்கள் ரோமக் குடிமக்களானார்கள்.

அரசு போனதே ஒழிய மக்கள் அழியவில்லை. இந்த மக்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பது பழைய கேள்வி. ஆசியா மைனரின் லிடியாவிலிருந்து வந்தவர்கள் என்று எழுதினார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். 2021-இல் வெளியான ஆய்வொன்று, கி.மு. 800 முதல் கி.பி. 1000 வரையிலான காலத்தில் வாழ்ந்த 82 பேரின் மரபணுக்களைப் பரிசோதித்தது. எட்ருஸ்கர்களின் மரபணு, பக்கத்து லத்தீன் மக்களுடையதைப் பெரிதும் ஒத்திருந்தது. அண்மையில் கிழக்கிலிருந்து குடியேறியதற்கான தடயம் இல்லை. ஆனால் மொழி மட்டும் லத்தீனோடு ஒட்டாதது, இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தையே சேராதது.

மொழி வேறானாலும் இரு மக்களும் ஒன்றாகக் கலந்தார்கள். சான் காசியானோ தேய் பாஞ்ஞி என்ற ஊரின் வெந்நீர் ஊற்றுச் சேற்றிலிருந்து 2022-இல் இருபதுக்கும் மேற்பட்ட வெண்கலச் சிலைகள் கிடைத்தன. எட்ருஸ்க மொழியிலும் லத்தீனிலும் காணிக்கை வாசகங்கள் பொறித்து, ஒரே தெய்வச் சுனையில் இட்டிருக்கிறார்கள். இரு மொழிகளையும் பேசிய குடும்பங்கள் அங்கே சேர்ந்தே வழிபட்டிருக்கின்றன.

பேரன் பேத்திகள் லத்தீன் பேசத் தொடங்கிய பிறகு எட்ருஸ்க நூல்களைப் படியெடுக்க ஆளில்லை. ரோமப் பேரரசர் கிளாடியஸ் எட்ருஸ்கர்களைப் பற்றி எழுதிய இருபது தொகுதி வரலாறும் தொலைந்துவிட்டது. இன்று இருப்பதில் மிக நீளமான எட்ருஸ்க வாசகம், எகிப்திய மம்மி ஒன்றைச் சுற்றிய துணிப் பட்டைகளில் தப்பியது: சடங்குகளின் நாட்காட்டி. குரோவேஷியாவின் சாக்ரெப் அருங்காட்சியகத்தில் உள்ள அதில் ஏறத்தாழ 1,200 சொற்களைப் படிக்க முடிகிறது.