மணி தவறாக் காவல்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவழியை அடுத்துள்ள சிற்றூர் நாலந்தா. திராவிடச் சிற்ப மரபும் பௌத்த நெறியும் கைகோத்து நிற்கும் 'கெடிகே' என்னும் கற்றளி அதன் பெருமை. போவத்தன்னை நீர்த்தேக்கம் அமைந்தபோது, மூழ்கவிருந்த அக்கோயிலைக் கல் கல்லாகப் பெயர்த்து மேட்டில் மீண்டும் எழுப்பினர். ஒவ்வொரு கல்லின் இடமும் அறிந்து வைக்கும் பொறுமை வேண்டிய பணி அது. உயிர் ஊசலாடும் குழந்தையைக் காப்பதற்கும் அத்தகைய பொறுமையே வேண்டும் என்பதற்கு நம் நாட்டு டெங்கு வைத்தியம் சான்று.

டெங்கு வஞ்சகமான நோய். உடற்சூடு தணிந்ததும், "பிள்ளை தேறிவிட்டான்" என்று தாய் மகிழ்கிறாள். சிலருக்கு அபாயம் தொடங்குவதே அப்போதுதான். நுண்ணிய குருதிக் குழாய்களிலிருந்து நீர்மம் கசிகிறது. ஓரிரு நாள் அது நீடிக்கும். நீர் குறையக் கொடுத்தால் நாடி தளரும். மிகக் கொடுத்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒற்றையடிப் பாதையைக் காட்டுவது எது? மணிக்கொருமுறை நாடியையும் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரின் அளவையும் குறித்து வைக்கும் ஒரு தாளே!

2009ஆம் ஆண்டு இலங்கையில் ஏறத்தாழ 35,000 பேரை டெங்கு பற்றியது. 346 பேர் மாண்டனர். நூற்றில் ஒருவர்! பின்னர் நம் வைத்தியர்கள் தாய்லாந்து அனுபவத்தைக் கற்று, நாட்டுக்கென வழிகாட்டி வகுத்து, தீவிர கண்காணிப்புப் பிரிவுகளை அமைத்தனர். 2017இல் 1,86,000க்கு மேற்பட்டோர் நோயுற்றபோது இறந்தவர் ஏறத்தாழ 440, நானூற்றில் ஒருவர். இதற்கு வேறு காரணங்களும் துணைநின்றிருக்கலாம். எனினும் விழிப்பான காவலின் பங்கு பெரிது.

ஆபிரிக்காவும் இதே பாடத்தைக் கற்றது. உகாண்டா, கென்யா, தன்சானியா நாடுகளில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், காய்ச்சலால் குருதியோட்டம் தளர்ந்த குழந்தைகளுள் விரைந்து நீரேற்றப்பட்டோரில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டோர் இரு நாள்களுக்குள் மாண்டனர். அவ்வாறு ஏற்றப்படாதோரில் ஏழுபேர் அளவே. நல்லெண்ணம் மட்டும் வைத்தியமாகாது.

ஆசிரியர்களே, காய்ச்சல் தணியும் நாளே கவனத்துக்குரிய நாள் என்பதை மாணவர் வழியே வீடுகளுக்குச் சொல்லுங்கள். வைத்தியசாலைக்குப் புதிய கட்டடம் கேட்கும் நாம், இரவு இரண்டு மணிக்கு அந்தத் தாளை நிரப்பப் போதிய தாதியர் உள்ளனரா என்றும் கேட்போம். நாலந்தாவிலிருந்து குழந்தையைத் தோளிற் சுமந்து வரும் தாய் நாடி வருவது அந்தக் காவலைத்தான்.