வீட்டுக்குள் ஒரு சானா: வாங்கும் முன் வயரிங்கைப் பாருங்கள்

கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் வாங்கும்போது எத்தனை வாட்ஸ் என்று கணக்குப் பார்க்கிறோம். ஏசி வாங்கும்போது ஸ்டெபிலைசர் வேண்டுமா என்று கேட்கிறோம். ஆனால் சானா பெட்டி வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மரத்தின் நிறத்தையும் உள்ளே எரியும் கலர் விளக்கையும்தான் பார்க்கிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஹோட்டல், ஜிம் என்று சானாவைப் பழகிவிட்டு புதுக்கோட்டைப் பக்கம் வீடு கட்டுபவர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்பு. ஆசைப்படுவதில் தவறில்லை. முதலில் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்.

சந்தையில் மூன்று வகை உண்டு. ஒன்று, பின்லாந்து நாட்டின் அசல் சானா. மின் அடுப்பின் மேல் கற்கள் அடுக்கியிருக்கும். உள்ளே 70 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை உலர்ந்த சூடு. இரண்டாவது இன்ஃப்ராரெட் கேபின். இது காற்றைவிட உடம்பை நேரடியாகச் சூடாக்குகிறது. 45 முதல் 60 டிகிரி போதும். மூன்றாவது, மடக்கி வைக்கக்கூடிய நீராவிக் கூடாரம். தலை மட்டும் வெளியே இருக்கும். நம் சித்த மருத்துவத்தில் வேது பிடித்தல் என்பார்களே, கிட்டத்தட்ட அந்த வேலையை ஒரு சின்ன பாய்லரை வைத்துச் செய்வது.

கரண்ட் கணக்கு

ஒரு கன மீட்டர் அறைக்கு ஏறத்தாழ 1 கிலோவாட் ஹீட்டர் என்பது கல் அடுப்பு சானாவுக்கான பொதுக் கணக்கு. இரண்டு பேர் உட்காரும் அறைக்கு 4.5 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் இது கிட்டத்தட்ட 20 ஆம்பியர். வீட்டில் இருக்கும் பெரிய பிளக் பாயின்ட்டே 16 ஆம்பியர்தான். ஆகவே மீட்டர் போர்டில் இருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், தனி எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த்திங் எல்லாம் வேண்டும். அனுமதிக்கப்பட்ட லோடு போதாவிட்டால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒருவர் உட்காரும் இன்ஃப்ராரெட் கேபின் 1.5 கிலோவாட் அளவில் இருப்பதால் 16 ஆம்பியர் பாயின்ட்டே தாங்கும். ஆனால் அதே லைனில் கீசரைச் சேர்க்கக் கூடாது.

அடுத்தது வோல்டேஜ். ஆலங்குடி, கறம்பக்குடி பக்கம் போர்வெல் மோட்டார்கள் அதிகம். அவை ஒன்றாக ஓடும் நேரத்தில் உங்கள் வீட்டில் 180 வோல்ட்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 180 வோல்ட்டில் 61 சதவீதம்தான் மிஞ்சும். 3 கிலோவாட் என்று காசு கொடுத்து வாங்கிய அடுப்பு 1.8 கிலோவாட் அடுப்பாகிவிடும். கல் சூடாகாது, மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வாரம் காலை, மாலை, இரவு மூன்று வேளையும் மல்டிமீட்டரில் வோல்டேஜைக் குறித்து வைத்துவிட்டுக் கடைக்குப் போங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்று கேட்காதீர்கள். ஒரு 150 ஆம்பியர் அவர் பேட்டரியில் இருப்பதே மொத்தம் 1.8 யூனிட்தான்.

பில் எவ்வளவு வரும்? 1.5 கிலோவாட் கேபினைச் சூடாக்க 20 நிமிடம், உள்ளே 30 நிமிடம் என்றால் ஒரு தடவைக்கு 1.25 யூனிட். தினமும் போட்டால் 2 மாதத்துக்கு 75 யூனிட். இது குறைவாகத் தெரியலாம். ஆனால் ஏற்கெனவே 440 யூனிட் ஓடும் வீடு இதனால் 500-ஐத் தாண்டிவிடும். 2024 ஜூலைக் கட்டணப்படி, 500-ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு விலை ஏறுவதோடு, 101 முதல் 200 வரை பாதி விலையில் கிடைத்த சலுகையும் போய்விடும்.

உடம்புக் கணக்கு

சானா இதயத்துக்கு நல்லது என்று விளம்பரங்களில் வரும். அதன் ஆதாரம் பெரும்பாலும் 2015-இல் வெளியான பின்லாந்து ஆய்வு. நடுத்தர வயது ஆண்கள் 2,315 பேரைச் சுமார் 20 வருடங்கள் கவனித்தார்கள். வாரத்தில் 4 முதல் 7 தடவை சானா போனவர்களிடம் இதய மரணம் குறைவாக இருந்தது. ஆனால் அவர்கள் சின்ன வயதிலிருந்தே பழகியவர்கள். வெளியே வந்தால் குளிர்ந்த காற்று இருக்கும் நாடு. நம் ஊரில் மே மாதம் கதவைத் திறந்து வெளியே வந்தாலும் 38 டிகிரிதான்! உடம்பு எப்படி ஆறும்? ஆகவே கோடையில் பகலில் வேண்டவே வேண்டாம்.

அதே பின்லாந்தில் ஹெய்னோலா நகரில் நடந்து வந்த உலக சானா போட்டியில், 2010-ஆம் ஆண்டு 110 டிகிரி சூட்டில் இறுதிச்சுற்றில் இருந்த ஒருவர் இறந்துபோனார். அத்துடன் அந்தப் போட்டியே நின்றுவிட்டது. பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் உட்காரக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுட்டதே தெரியாது. சூட்டில் இன்சுலின் வேகமாக உடம்பில் சேர்ந்து சர்க்கரை இறங்கும் ஆபத்தும் உண்டு.

கடையில் பார்க்க வேண்டியவை

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். தாழ்ப்பாளே இருக்கக் கூடாது. தானாக அணையும் டைமர் கட்டாயம். ஹீட்டர் ஐஇசி 60335-2-53 தரத்தில் சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். செல்போனிலேயே ஆன் செய்யலாம் என்று விற்பனையாளர் பெருமையாகச் சொல்வார். கல் அடுப்பில் இந்த வசதியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். யாராவது அடுப்பின் மேல் துண்டைக் காயப் போட்டிருந்தால் அது உங்கள் போனுக்குத் தெரியாது. 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் இதை மாட்டுவது அதைவிட மோசம்.

உள்ளே லேசான, வெளிர் நிற மரம் வேண்டும். அதுதான் தொட்டால் சுடாது. நம் மாவட்டத்தில்தான் தைலமரம் ஏராளமாக இருக்கிறதே, அதில் ஆசாரியிடம் சொல்லிச் செய்யலாமே என்றால், காயும்போது முறுக்கிக்கொண்டு வெடிக்கும். பிளைவுட்டும் வேண்டாம். சூட்டில் பசையின் நெடி வரும்.

நீராவிக் கூடாரம் வாங்குபவர்கள் தண்ணீரைக் கவனியுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றினால் காயிலில் வெள்ளையாகப் படிந்து பாய்லர் சீக்கிரம் போய்விடும். மாதம் ஒருமுறை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரை ஊற்றி வைத்துக் கழுவுங்கள்.

எதுவுமே வேண்டாமா என்றால், வோல்டேஜும் உடம்பும் ஒத்துழைக்கும் வீட்டுக்கு ஒருவர் உட்காரும் இன்ஃப்ராரெட் கேபின்தான் என் தேர்வு. குளிர்காலத்தில் வாங்குங்கள். 10 நிமிடத்தில் ஆரம்பியுங்கள். முதல் சில தடவை, வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது மட்டும் உள்ளே போங்கள்.