சாம்பல் நிறம் தேடினோம்

கறுப்பு வெள்ளைப் படத்தை அச்சிடுவதில் என்ன சிரமம்? வண்ணமே இல்லையே! இப்படித்தான் நாங்களும் எண்ணினோம்.

அக்டோபர் முதல் நாள் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் திருவிழா. அன்று அவருடைய நிழற்படங்கள் 12-ஐ எங்கள் வகுப்பின் சார்பில் கண்காட்சியாக வைக்க விரும்பினோம். அவருடைய அக்காள் செலின் 1894-இல் பிரான்சு நாட்டின் லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது, ஒரு புகைப்படக் கருவியையும் உடன் கொண்டு சென்றார். 1897-இல் 24 வயதில் மறைந்த தெரேசாவின் முகத்தை நாம் இன்று அறிவது பெரும்பாலும் செலின் எடுத்த படங்களால்தான்.

தோழி ஒருத்தியின் வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் சனிக்கிழமை 6 படங்களும் புதன்கிழமை 6 படங்களும் அச்சிட்டோம். மேசைமேல் பரப்பிப் பார்த்தபோது திடுக்கிட்டோம். துறவியின் வெண்போர்வை சில படங்களில் பாசி படிந்ததுபோல் இருந்தது. மற்றவற்றில் ரோஜா நிறமாக இருந்தது. எல்லோரும் காசு சேர்த்து வாங்கிய தாளில் பாதி தீர்ந்துவிட்டது. எனவே காரணத்தை ஆராய்ந்தோம்.

அக்கால நிழற்படங்களில் நுண்ணிய வெள்ளித் துகள்களே உருவத்தைத் தந்தன. நம் வீட்டுப் பிரிண்டர்கள் பலவற்றிலோ சாம்பல் நிற மையே கிடையாது. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய 4 மைகளைக் கலந்துதான் அவை சாம்பல் நிறத்தைக் காட்டுகின்றன. இவற்றுள் ஒன்று மிகுந்தாலும் அதன் சாயல் தெரிந்துவிடும். வண்ணப் படத்தில் அது மறைந்துகொள்ளும். வெள்ளைத் துணியில் நீலம் கூடிப்போனதுபோல, கறுப்பு வெள்ளைப் படத்தில் உடனே கண்ணில் படும்.

அப்படியானால் கறுப்பு மையை மட்டும் பயன்படுத்தினால் என்ன? அதையும் சாதாரணத் தாளில் செய்து பார்த்தோம். சாயல் போயிற்று. ஆனால் இளஞ்சாம்பல் நிறம் வரவேண்டிய கன்னத்தில் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தன! மேலும், பல பிரிண்டர்களின் கறுப்பு மை சாதாரணத் தாளுக்கென்றே செய்யப்பட்டது. பளபளப்பான புகைப்படத் தாளில் அது சரியாகப் படியாது. அத்தாளைத் தேர்ந்தெடுத்தால் பிரிண்டர் வண்ண மைகளைக் கலந்தே கறுப்பையும் உண்டாக்கும்.

பின்னர் நாங்கள் கைக்கொண்ட முறைகள் இவை:

1. முதலில் மைத்துளைகளைச் சோதிக்கும் பக்கத்தை அச்சிட்டோம். ஒரு துளை அடைத்திருந்தாலும் நிறம் மாறும்.

2. ஒரே வகைத் தாள், ஒரே வகை மை. கணினியிலும் அத்தாளின் வகையையே குறித்தோம். புதன்கிழமை நாங்கள் சாதாரணத் தாள் என்று குறித்துவிட்டதும் ஒரு பிழையே! தாளின் வகைக்கேற்பவே பிரிண்டர் மையின் அளவை வகுக்கிறது.

3. நிறத்தைத் தானாகத் திருத்தும் வசதியை நிறுத்தினோம்.

4. சிறு தாள் துண்டில், வெள்ளை முதல் கறுப்பு வரை 11 படிகள் கொண்ட பட்டையை அச்சிட்டோம். பச்சை தெரிந்தால் அதற்கு எதிர்நிறமான மெஜந்தாவைச் சிறிது கூட்டினோம். ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம். அதையும் நோட்டில் குறித்துக்கொண்டோம்.

5. ஒரு நாள் உலரவிட்ட பிறகே முடிவு செய்தோம். ஈரத்தில் தெரியும் நிறம் நிலைப்பதில்லை.

6. எப்போதும் ஒரே சன்னலருகே, பகல் வெளிச்சத்தில் பார்த்தோம். பகலில் சரியாகத் தெரியும் படம் இரவில் குழல்விளக்கின் கீழ் வேறு சாயல் காட்டக்கூடும்.

இறுதியில் 12 படங்களையும் ஒரே நாளில் அச்சிட்டோம். மாசற்ற சாம்பல் நிறம் கிடைத்தது என்று சொல்லமாட்டோம். மெல்லிய பழுப்புச் சாயல் இருந்தது. ஆனால் அது 12 படங்களிலும் ஒன்றுபோல் இருந்ததால் கண்ணை உறுத்தவில்லை.

இவ்வேலையின் நடுவே, கணினியில் முகத்தையும் கொஞ்சம் மெருகேற்றலாமே என்ற ஆசை எங்களுக்கு எழுந்தது. செலினும் தங்கையின் படங்கள் சிலவற்றை அழகுக்காகத் திருத்தியவர்தாம். ஆயினும், 1961-இல் திருத்தப்படாத படங்கள் நூலாக வெளிவந்தபோதுதான் தெரேசாவின் உண்மை முகத்தை உலகம் கண்டது. எனவே அந்த முகத்தை அப்படியே விட்டுவிட்டோம். எங்கள் அச்சு வேலையை மட்டும் திருத்திக்கொண்டோம்.

தோழியரே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பாட்டியின் பழைய படம் ஒன்று இருக்கக்கூடும். அதைப் படியெடுக்குமுன் ஒரு சிறு துண்டுத் தாளில் சோதித்துப் பாருங்கள். பொறுமை இருந்தால் தாளும் மிஞ்சும், முகமும் மாறாது!