அலைக்கு மண் கொடுக்கும் ஆறு

பாலாற்றின் வழியே – 14

சென்ற வாரம் பாலாற்றின் வாயலூர்த் தடுப்பணையில் நிறுத்தியிருந்தோம். நந்தி மலையில் பிறந்து 348 கி.மீ. ஓடிவரும் பாலாறு, கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் கலக்கிறது என்று பாடப் புத்தகம் முடித்துவிடும். தண்ணீருக்கு அது சரி. ஆனால் ஆற்றோடு வந்த மணல் அங்கே நிற்பதில்லை. சின்ன காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஓரிக்கையில் நாம் காலடியில் மிதித்த அதே மணல், கடலுக்குள் இறங்கி வடக்கே நடக்கத் தொடங்குகிறது. அது போய்ச் சேரும் இடங்களில் மாமல்லபுரமும் கோவளமும் முக்கியமானவை. 2019 வரை இரண்டும் நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர்கள்தான்.

அந்த மணல் அங்கே என்ன செய்கிறது என்பதை அலைச்சறுக்கில் (சர்ஃபிங்) பார்க்கலாம். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்கு சாம்பியன்ஷிப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. ஆண்கள் பிரிவில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். இந்தப் போட்டியில் இந்தியர் ஒருவர் தனிநபர் பதக்கம் பெற்றது அதுவே முதல்முறை. 2023 ஆகஸ்டிலும் அங்கே சர்வதேசப் போட்டி நடந்திருந்தது. இரண்டு முறையும் ஆகஸ்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு.

தென் இந்தியப் பெருங்கடலின் கோடியில், அண்டார்டிகாவை நோக்கிய பகுதியில், மே முதல் செப்டம்பர் வரை புயல்காற்று ஓயாது. அங்கே கிளம்பும் அலைகள் பல ஆயிரம் கி.மீ. கடந்து, சில நாட்கள் கழித்து நம் கரைக்கு வருகின்றன. வரும் வழியில் சில்லறை அலைகளெல்லாம் அடங்கிப்போகும். நீண்ட, சீரான அலைகள் மட்டும் மிஞ்சும். உள்ளூர்க் காற்று கிளப்பும் அலை ஐந்தாறு நொடிக்கொன்று வந்து மோதும். தெற்கிலிருந்து வருவதோ பன்னிரண்டு, பதினைந்து நொடிக்கொன்றாக வரும். அதில்தான் ஓட்டம் இருக்கிறது.

அலை வந்தால் மட்டும் போதாது. விடியற்காலையில் கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் கரைக்காற்று அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடித்து, வழவழப்பாக்குகிறது. மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்பினால் எல்லாம் குலைந்துபோகும். அதனால்தான் சர்ஃபிங் பிள்ளைகள் சூரியன் உதிக்கும் முன்பே தண்ணீரில் இறங்கிவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடை பிடித்துவிட்டால் அலை பெரிதாக வரும், ஒழுங்காக வராது. புயல் நாட்களில் கடல் யாருக்கும் உரியதல்ல.

மூன்றாவது தேவை, தரை. ஒரு மீட்டர் உயர அலை, ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் தலைகுப்புற விழும். கரை நெடுக ஒரே ஆழமாக இருந்தால் அலை முழுவதும் ஒரே நேரத்தில் 'தொம்'மென்று விழுந்து முடிந்துவிடும். அதில் யாரும் ஓட முடியாது. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலைக் காக்கப் போட்ட பாறைகளை ஒட்டி மணல் மேடு கட்டுகிறது. அலையின் தென்முனை முதலில் அந்த மேட்டில் இடித்து உடைகிறது. அங்கிருந்து நுரை வடக்கே ஓடுகிறது. பலகைமேல் காத்திருக்கும் பையன் நாலு கை வலித்து, எழுந்து நின்று, அந்த நுரைக்கு ஒரு முழம் முன்னால் வலப்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே போகிறான். மேடு கரைந்துபோன வாரங்களில் அதே அலை வந்தாலும் அவனுக்கு வேலையில்லை.

கோவளத்திலும் இதே கணக்குத்தான். பாறை முனை அலையை உடைக்கிறது. பக்கத்தில் தங்கும் மணல் அதற்கு நீளம் தருகிறது. அந்த ஊர் மீனவர் மூர்த்தி மேகவன் சிறுவயதில் மரப்பலகையில் அலை ஏறிப் பழகியவர். 2012இல் அருண் வாசுவுடன் சேர்ந்து அங்கே சர்ஃபிங் பள்ளி தொடங்கினார். குப்பத்துப் பிள்ளைகள் அங்கிருந்து தேசியப் போட்டிகள்வரை போனார்கள். கட்டுமரம் தள்ளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அலை புதிதல்ல; எந்த அலைக்கு நிற்கவேண்டும், எதை விடவேண்டும் என்பது அவர்கள் பரம்பரைப் படிப்பு.

இனி பாலாற்று மணலுக்கு வருவோம். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தை மீனவர்கள் தெண்டி என்பார்கள். வடக்கிலிருந்து வருவது வன்னி. நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி தெண்டியின் ஆட்சி. மணலும் அதோடு வடக்கே போகும். சான்று வேண்டுமானால் சென்னைத் துறைமுகத்தைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் அங்கே அலைதடுப்புச் சுவர் எழுந்ததும் தெற்கே மணல் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் போக, ராயபுரம் அரிக்கப்பட்டது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சுமார் 20 கி.மீ. தொலைவில் பாலாற்று முகம் இருக்கிறது. வருடத்தின் பெரும்பாலான நாட்கள் அது மணல் திட்டால் மூடிக் கிடக்கும். 2021 நவம்பரில் வந்ததுபோன்ற பெருவெள்ளம்தான் திட்டை உடைத்து, ஆற்று மணலைக் கடலில் கொண்டுபோய்க் கொட்டும். அப்படியொரு வெள்ளம் வரும்போது ஆற்றில் மணல் இருக்கவேண்டுமே! லாரி லாரியாக அள்ளியபின் பல இடங்களில் பாலாற்றில் களிமண்ணும் சீமைக் கருவேலமும்தான் மிச்சம். ஆறு கொடுக்காததைக் கடல் தன் கரையிலிருந்து எடுத்துக்கொள்ளும். முதலில் மேடு போகும், அடுத்து கரை போகும், அதற்கடுத்து குப்பம் போகும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். காணும் பொங்கலுக்கு நம் காஞ்சிபுரத்திலிருந்து வேன் வேனாக மாமல்லபுரம் போகிறோம். இரண்டு மணல் மேடுகளுக்கு நடுவே, அலை உடையாமல் கொஞ்சம் இருண்டு தெரியும் இடத்தை அமைதியானது என்று நினைத்துக் குழந்தைகளை இறக்குகிறோம். கரைக்கு வந்த தண்ணீர் திரும்ப ஓடும் வாய்க்கால் அது. இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் இடத்துக்கு வந்து, அதோடு கரையேறுங்கள்.

மீண்டும் ஆற்றுக்கு வருவோம். சித்ரா பௌர்ணமியில் காஞ்சி வரதராஜப் பெருமாள் ஐயங்கார்குளம் நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளி, பாலாற்று மணலில் ஊறல் உற்சவம் காண்கிறார். அந்த மணல் நமக்கு ஊற்று, கடலோரத்துக்கு அரண். ஓரிக்கையிலோ செவிலிமேட்டிலோ இரவில் மணல் வண்டி இறங்கினால் வட்டாட்சியருக்குத் தெரிவியுங்கள். பாலாற்றில் மணல் இருக்கும்வரைதான் அந்தக் கடற்கரைக்குக் காவல் உண்டு.

(தொடரும்)