கூடாரத்துக்குக் கீழே என்ன விரிப்பது?

பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளோடு கூடாரமடித்துத் தங்கச் செல்கிறீர்களா? கூடாரத்துக்குச் செலவழிக்கும் நாம் தரையை மறந்து விடுகின்றோம். 2,000 மீற்றருக்கும் உயரமான ஹோட்டன் சமவெளியில் ஜனவரி, பெப்ரவரி மாத இரவுகளில் புல்லில் உறைபனி படிவதுண்டு. அங்கே எத்தனை போர்வை போர்த்தினாலும், பிள்ளையின் உடற்சூட்டை நிலம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

விலையுயர்ந்த விரிப்புத் தேவையில்லை. நெல் காயவைக்கும் படங்கே போதும். ஆனால் அது கூடாரத்தின் அடியை விடச் சற்றுச் சிறிதாக இருக்க வேண்டும். பெரிதென்றால் ஓரங்களை உட்புறமாக மடித்து விடுங்கள். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று நானும் ஒருமுறை நாற்புறமும் ஓரடி நீட்டி விரித்தேன். நள்ளிரவு மழையில் கூடாரத்தில் வடிந்த நீரெல்லாம் அந்த ஓரங்களில் விழுந்து அடியில் புகுந்தது. விடியும்வரை இளைய மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

படங்கு ஈரத்தைத்தான் தடுக்கும், குளிரையல்ல. காட்போட் பெட்டிகளைப் பிரித்துக் கூடாரத்தினுள்ளே பரப்பி, மேலே பன்பாயை விரியுங்கள். இரண்டும் தம்முள் காற்றை அடக்கி வைத்திருப்பவை. காற்றடைத்த மெத்தை சொகுசுதான். மலைக்குளிரில் அதன் மேலும் பாய் வேண்டும்.

வீடு திரும்பியதும் படங்கை வெயிலில் காயவைத்தே மடியுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.