தோப்புக் கணக்கும் தவணை தேதியும் இனி கம்ப்யூட்டரில்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய பலர் முதல் மாதத்தில் படம் பார்க்கிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள். அடுத்த மாதம் பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுகிறார்கள். அதற்குப் பிறகு "இவ்வளவு பணம் போட்டு வாங்கினோமே, இதனால் நமக்கு என்ன பயன்?" என்ற கேள்வி எழுகிறது. நம் வேலையைக் குறைத்து, நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும் புரோகிராம்கள் பல இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இலவசம். எதை எதற்குப் பயன்படுத்துவது என்று தெரிந்துகொண்டால் போதும்.

நான் தேனி மாவட்டம் கடமலைக்குண்டில் இருக்கிறேன். மூல வைகைக் கரையில் தென்னை, இலவம் பஞ்சு, தக்காளி என்று விவசாயத்தை நம்பியிருக்கும் ஊர்ப்பக்கம். ஆகவே இந்தக் கட்டுரையில் அலுவலகக் கணக்கை விட்டுவிட்டு, ஒரு தென்னந்தோப்புக் கணக்கையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். மளிகைக்கடை, தையல்கடை, கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான்.

எந்தப் புரோகிராம்?

1979ஆம் ஆண்டு டான் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டன் என்ற இரு அமெரிக்கர்கள் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக விசிகால்க் என்ற புரோகிராமைக் கொண்டுவந்தார்கள். கட்டம் கட்டமாக எண்களை நிரப்பினால், கூட்டலைக் கம்ப்யூட்டரே செய்துவிடும். ஓர் எண்ணை மாற்றினால் மொத்தமும் தானாக மாறும். இந்த ஒரு வசதிக்காகவே பலர் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். இதன் வழியில் பிறகு வந்தவைதான் லோட்டஸ் 1-2-3, எக்ஸெல் எல்லாம். இவற்றுக்கு ஸ்ப்ரெட்ஷீட் என்று பெயர்.

உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் சோதனைத் தொகுப்பாக இருக்கலாம். காலக்கெடு முடிந்ததும் பைலைத் திறந்து பார்க்க முடியும். புதிதாக எழுத முடியாது. எனவே லிப்ரே ஆபீஸ் என்ற தொகுப்பைப் பரிந்துரைக்கிறேன். ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து 2010இல் தொடங்கியது. முற்றிலும் இலவசம். அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். ஒரு முறை இன்ஸ்டால் செய்துவிட்டால் இன்டர்நெட் தேவையில்லை. இன்ஸ்டால் செய்கையில் கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து, மொழிகள் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் மெனுக்களைத் தமிழிலேயே பெறலாம். இதில் கணக்குப் போட உதவும் பகுதி கால்க்.

முதலில் தமிழில் எழுத வழி செய்வோம்

2000களில் தமிழில் டைப் செய்ய இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்றவற்றைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. இப்போது விண்டோஸிலேயே வசதி உள்ளது. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்குவேஜ் பிரிவில் தமிழைச் சேர்க்கவும். அதன் ஆப்ஷன்ஸில் கீபோர்டைத் தேர்ந்தெடுக்கலாம். ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்து டைப் செய்பவர்களுக்கு போனெட்டிக் வசதியாக இருக்கும். புதிதாகக் கற்பவர்கள் தமிழ் 99 பழகலாம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி ஏற்கப்பட்டது இது. உயிரெழுத்துகள் இடது கைப்பக்கமும் மெய்கள் வலது கைப்பக்கமும் இருக்கும். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும்.

சிட்டையும் பேரேடும்

கடைகளில் அன்றாடம் நடப்பதை அப்படியே எழுதுவது சிட்டை. பிறகு அதை வகை வகையாகப் பிரித்து எழுதுவது பேரேடு. சிட்டை எழுதுவது எளிது. பேரேடு போடுவதுதான் மெனக்கெடும் வேலை. அதனால்தான் பல வீடுகளில் கணக்கு பாதியில் நின்றுவிடுகிறது. கம்ப்யூட்டரில் சிட்டையை மட்டும் நீங்கள் எழுதினால் போதும். பேரேட்டை அது போட்டுக்கொடுக்கும்.

கால்க்கைத் திறந்து முதல் வரிசையில் இந்த ஐந்து தலைப்புகளை எழுதவும்: தேதி, விவரம், வகை, வரவு, செலவு. வியூ மெனுவில் ப்ரீஸ் செல்ஸ் சென்று முதல் வரிசையை நிலைநிறுத்தினால், எவ்வளவு கீழே போனாலும் தலைப்பு மறையாது.

இனி ஒவ்வொரு நடப்புக்கும் ஒரு வரிசை. "12/6/2025 - வெட்டுக்கூலி, 4 ஆள் - கூலி - செலவு 4500" என்பது போல. புதியவர்கள் கவனிக்க வேண்டியவை மூன்று:

1. தொகையுடன் "ரூ" என்றோ "/-" என்றோ சேர்க்கக் கூடாது. சேர்த்தால் கம்ப்யூட்டர் அதைச் சொல்லாக எடுத்துக்கொண்டு கூட்டலில் விட்டுவிடும். சோதிப்பது எளிது. எண் என்றால் செல்லின் வலது ஓரம் ஒட்டி நிற்கும்; சொல் என்றால் இடது ஓரம்.

2. தேதியை நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் எழுதுகிறோம். அமெரிக்க அமைப்பில் மாதம் முதலில் வரும். டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் சென்று, மொழிக்கான பிரிவில் லோக்கேல் என்பதை இங்கிலீஷ் இந்தியா என்று மாற்றிவிடவும்.

3. வகையின் பெயர் எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரு நாள் "கூலி", மறுநாள் "ஆள் கூலி" என்று எழுதினால் இரண்டும் வேறு வேறு வகையாகிவிடும். இதைத் தவிர்க்க, வகை என்ற நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து டேட்டா மெனுவில் வேலிடிட்டி சென்று, லிஸ்ட் என்பதைக் கிளிக் செய்து, உங்கள் வகைகளை வரிக்கு ஒன்றாக எழுதிவிடவும். கூலி, உரிப்பு, வண்டி, உரம், மோட்டார், விற்பனை என்று ஏழெட்டு போதும். பிறகு பட்டியலிலிருந்து கிளிக் செய்தால் சரி.

இப்போது பேரேடு. தலைப்பிலிருந்து தொடங்கி 1,000ஆவது வரிசை வரை தேர்ந்தெடுத்து, இன்சர்ட் மெனுவில் பிவட் டேபிள் என்பதைக் கிளிக் செய்திடவும். வரும் பெட்டியில் "வகை" என்பதை ரோ பீல்ட்ஸ் பகுதிக்கும், "செலவு" என்பதை டேட்டா பீல்ட்ஸ் பகுதிக்கும் மவுஸால் இழுத்துவிடவும். ஆப்ஷன்ஸில் காலி வரிசைகளை விட்டுவிடும் இக்னோர் எம்ப்டி ரோஸ் கட்டத்தை டிக் செய்து, ஓகே கொடுத்தால் புதிய ஷீட்டில் ஒவ்வொரு வகைக்கும் ஆன மொத்தச் செலவு வந்து நிற்கும். பின்னால் புதிய வரிசைகள் எழுதினால், பேரேட்டின் மீது ரைட் கிளிக் செய்து ரெப்ரெஷ் கொடுத்தால் போதும்.

இதனால் என்ன லாபம்?

ஒரு வெட்டில் 3,000 காய் என்று வைத்துக்கொள்வோம். செலவு: வெட்டுக்கூலி 4,500, உரிப்புக்கூலி 3,000, வண்டி 1,500, அந்த வெட்டுக்கு உரிய உரச்செலவு 6,000. மொத்தம் 15,000. அதாவது காய் ஒன்றுக்கு 5 ரூபாய் செலவு.

வியாபாரி ஒருவர், வெட்டிப் போட்ட காயைத் தோப்பிலேயே 12 ரூபாய்க்குக் கேட்கிறார். உரித்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தால் 15 ரூபாய் தருவதாக மண்டியில் சொல்கிறார்கள். எது நல்லது? வெட்டுக்கூலியும் உரமும் இரண்டுக்கும் பொது. உரிப்பும் வண்டியும் சேர்ந்து 4,500, காய்க்கு 1.50. கூடுதலாகக் கிடைப்பது காய்க்கு 3 ரூபாய். ஆகவே உரித்து அனுப்பினால் காய்க்கு 1.50 மிச்சம், ஒரு வெட்டுக்கு 4,500 ரூபாய். அதே நேரம், வண்டி வாடகையும் உரிப்புக்கூலியும் ஏறி, இரண்டும் சேர்ந்து காய்க்கு 3 ரூபாயைத் தொட்டுவிட்டால் தோப்பிலேயே கொடுத்துவிடலாம். (இந்த எண்கள் கணக்குக்காக நான் எடுத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.) பேரம் பேசும்போது இந்த 1.50 உங்கள் கையில் இருக்க வேண்டும். மனக்கணக்கில் அது பெரும்பாலும் பிடிபடாது.

எங்கள் தோப்பின் இரண்டு வருடச் செலவை நோட்டிலிருந்து எடுத்து இப்படி ஏற்றியபோது, உரத்தைவிட மோட்டாருக்குத்தான் அதிகம் போயிருந்தது தெரிந்தது. காயில் கட்டியது, கேபிள், ஏற்றி இறக்கும் கூலி எல்லாம் ஆயிரம், இரண்டாயிரம் என்று தனித்தனியாகப் போனதால் கண்ணில் படவில்லை. வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரை நிறுத்திவிடும் சாதனத்தை அதன் பிறகுதான் மாட்டினோம்.

தவணை தேதியை மறக்காமல் இருக்க

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்குபவர் தவணை தேதிக்குள் திருப்பிச் செலுத்தினால் தமிழகத்தில் வட்டி இல்லை. தேதி தப்பினால் வட்டி உண்டு. ஒரு லட்சம் ரூபாய்க்கு 7 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 7,000 ரூபாய். நகைக்கடன், இன்சூரன்ஸ் பிரீமியம், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் வீட்டுக் கரண்ட் பில் எல்லாம் தேதியைச் சார்ந்தவைதான்.

இதற்கு ஸ்ப்ரெட்ஷீட் உதவாது. அது தானாக வந்து கூப்பிடாது. கூகுள் காலண்டரைப் பயன்படுத்துங்கள். ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும். கம்ப்யூட்டரில் கிரியேட் என்பதைக் கிளிக் செய்து, கடன் பெயரையும் தவணை தேதியையும் கொடுக்கவும். நோட்டிபிகேஷன் என்ற இடத்தில் 15 நாள் முன்பு ஒன்று, 3 நாள் முன்பு ஒன்று என இரண்டு வைக்கவும். பணம் புரட்ட அந்த 15 நாள் தேவைப்படும். கரண்ட் பில் போன்றவற்றுக்கு ரிப்பீட் பகுதியில் இரண்டு மாதம் என்று கொடுத்துவிடலாம். அதே ஜிமெயில் கணக்கை செல்போனிலும் வைத்திருந்தால் போனிலேயே அறிவிப்பு வரும். அதனால் கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் கவலையில்லை.

வேலையைக் கூறு போட

பிள்ளைகள் படிப்பதற்கும், நாம் கணக்கு ஏற்றுவதற்கும் பயன்படும் முறை ஒன்று உண்டு. 1980களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்துப் படித்தார். 25 நிமிடம் ஒரே வேலை. மணி அடித்ததும் 5 நிமிடம் ஓய்வு. இத்தாலிய மொழியில் தக்காளிக்கு பொமொடோரோ என்று பெயர். முறைக்கும் அதுவே பெயராயிற்று. விண்டோஸ் 11இல் உள்ள கிளாக் புரோகிராமில் போகஸ் செஷன் என்ற வசதி இதே வேலையைச் செய்கிறது. நான்கு பேர் ஒரு கம்ப்யூட்டருக்கு அடித்துக்கொள்ளும் வீட்டில், முறை பிரித்துக் கொடுக்கவும் இது உதவும்.

குறிப்பு எழுத

உரக்கடையில் சொன்ன அளவு, மோட்டாரின் சீரியல் எண், மெக்கானிக் வந்த தேதி போன்றவற்றை நோட்புக் என்ற ஆப்பில் எழுதலாம். 1996இல் தொடங்கி, 2011இல் தென்காசியிலும் அலுவலகம் திறந்த ஸோகோ நிறுவனத்தின் படைப்பு. கம்ப்யூட்டரில் எழுதியது போனிலும் தெரியும். ஆனால் பேங்க் பாஸ்வேர்ட், ஏ.டி.எம். எண் போன்றவற்றை எந்தக் குறிப்பு ஆப்பிலும் எழுத வேண்டாம்.

எதை எங்கே வைப்பது?

வுண்டர்லிஸ்ட் என்ற வேலைப்பட்டியல் ஆப்பை உலகெங்கும் பலர் பயன்படுத்தினார்கள். 2015இல் மைக்ரோசாப்ட் அதை வாங்கியது. 2020 மே மாதம் மூடிவிட்டது. எனவே நான் பின்பற்றும் விதி இது: பத்து வருடம் கழித்தும் தேவைப்படும் கணக்கு, என் கம்ப்யூட்டரில் சொந்த பைலாக இருக்க வேண்டும். தேதி முடிந்ததும் தேவையற்றுப் போகும் நினைவூட்டல்களை ஆன்லைன் ஆப்பிடம் விடலாம்.

சொந்த பைல் என்றால் பாதுகாப்பதும் நம் பொறுப்பு. கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கால்க்கில் டூல்ஸ் - ஆப்ஷன்ஸ் - லோட்/சேவ் - ஜெனரல் சென்று, ஆட்டோ ரெகவரி நேரத்தை 10 நிமிடத்திலிருந்து 2 நிமிடமாகக் குறைக்கவும். பேக்கப் காப்பி உருவாக்கும் கட்டத்தையும் டிக் செய்யவும். இருந்தாலும் நான்கு வரி எழுதியதும் கண்ட்ரோல் + எஸ் அழுத்தும் பழக்கம் நல்லது.

வாரம் ஒரு முறை பைலை பென் டிரைவில் காப்பி செய்து, பென் டிரைவைக் கழற்றி வேறு இடத்தில் வைக்கவும். செருகியே இருந்தால் வைரஸ் வரும்போது இரண்டும் சேர்ந்தே போகும். பைல் பெயரில் மாதத்தைச் சேர்த்து "தோப்பு-2025-06" என்பது போல வைத்தால் பழைய காப்பியின் மீது புதியது எழுதப்படாது. கூகுள் டிரைவில் 15 ஜிபி வரை இலவச இடம் உண்டு. மாதம் ஒரு காப்பியை அங்கும் போட்டுவைக்கலாம். ஆடிட்டருக்கோ பேங்கிற்கோ அனுப்பும்போது சேவ் ஆஸ் கொடுத்து எக்ஸெல் வகையைத் தேர்ந்தெடுத்தால் அவர்களும் திறக்க முடியும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இன்றைக்குக் கடன் அட்டைகளை எடுத்துவைத்துக்கொண்டு, தவணை தேதிகளைக் காலண்டரில் ஏற்றிவிடுங்கள். அரைமணி நேரம் ஆகும். அடுத்த வெட்டு வரும் நாளில் சிட்டையைத் தொடங்குங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் அன்றைய வரவு செலவு ஏறிவிடும். மூன்று வெட்டு முடிந்ததும் பிவட் டேபிள் போட்டுப் பாருங்கள். உங்கள் பணம் எந்த வகையில் அதிகம் போகிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.