குருவைக் கேள்வி கேட்கலாமா?

குருவிடம் பக்தி இருக்கலாம். அந்தக் குரு தவறு செய்தால் பக்தர்கள் என்ன செய்ய வேண்டும்? பம்பாயில் இந்தக் கேள்வி ஒருமுறை கோர்ட்டுக்கே வந்தது.

பம்பாயில் கர்சன்தாஸ் மூல்ஜி என்பவர் இருந்தார். 'சத்யபிரகாஷ்' என்ற குஜராத்திப் பத்திரிகையை நடத்தினார். அவர் குடும்பம் வல்லபாச்சாரியார் வழியைப் பின்பற்றிய வைணவக் குடும்பம். அந்த வழியின் குருமார்களை மகராஜ் என்று அழைப்பார்கள். உடல், மனம், பொருள் மூன்றையும் கண்ணனுக்கு அர்ப்பணம் செய்ய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

கண்ணனுக்கு உரியதை மகராஜ்கள் தங்களுக்கு எடுத்துக்கொள்கிறார்கள், பக்தர்களின் வீட்டுப் பெண்களைக் கெடுக்கிறார்கள் என்று கர்சன்தாஸ் 1860ல் எழுதினார். ஜதுநாத்ஜி மகராஜின் பெயரையும் எழுதினார். அந்த மகராஜ் மானநஷ்ட வழக்குப் போட்டார். 50,000 ரூபாய் கேட்டார்.

பக்தர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பாட்டியா சாதிப் பெரியவர்கள் 1861ல் கூட்டம் போட்டார்கள். மகராஜுக்கு எதிராக யாரும் சாட்சி சொல்லக் கூடாது, சொன்னால் சாதியை விட்டுத் தள்ளிவைப்போம் என்று முடிவு செய்தார்கள். தள்ளிவைத்தால் அந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் யாரும் வர மாட்டார்கள், சாவுக்கும் வர மாட்டார்கள். தவறு செய்தவர் குரு. அதை மூடி மறைக்கப் பார்த்தவர்கள் பக்தர்கள். கர்சன்தாஸ் அவர்கள் மேல் வழக்குப் போட்டார். கோர்ட் அவர்களுக்கு அபராதம் விதித்தது.

1862ல் மகராஜ் போட்ட வழக்கு விசாரணைக்கு வந்தது. மகராஜுக்கு மேகநோய் இருந்ததாக டாக்டர்கள் சாட்சி சொன்னார்கள். பெயர்பெற்ற டாக்டர் பாவு தாஜி அவர்களில் ஒருவர். லக்மிதாஸ் கீம்ஜி என்பவரும் தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். இவரும் பாட்டியா சாதிதான்! மகராஜ் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் மறுத்தார். ஏப்ரல் மாதம் தீர்ப்பு வந்தது. கர்சன்தாஸ் வென்றார்.

ஆனால் கர்சன்தாஸ் எழுதியது எல்லாமே நிதானமானது என்று சொல்ல முடியாது. அந்த மார்க்கமே பொய் என்றும் எழுதிவிட்டார். மகராஜ்கள் எல்லாரையும் ஒரே தராசில் வைத்தார். தினமும் கண்ணனுக்கு விளக்கேற்றும் ஏழைப் பாட்டிக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்! ஒருவர் செய்த தவறைச் சாட்சியோடு சொல்வது வேறு. ஊரார் வழிபாட்டையே பொய் என்பது வேறு. மகராஜ் செய்ததற்குத்தான் சாட்சி கிடைத்தது.

கர்சன்தாஸ் 1871ல் இறந்தார். அந்த மார்க்கம் அழிந்துவிடவில்லை. ராஜஸ்தானில் நாத்துவாரா என்ற ஊரில் அவர்களுடைய ஸ்ரீநாத்ஜி கோயில் இருக்கிறது. அங்கே இன்றும் பக்தர்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள்.